மதர் ஒட்டிய கடைசிப் பக்கம்

மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசை... அந்த வாசனையை எங்கே முகர்ந்தாலும் எனக்குத் திண்டிவனத்து போர்டிங்தான் ஞாபகம் வரும்.

அறுபதுகளின் தொடக்கம். டீச்சர் டிரெய்னிங் படித்துக்கொண்டிருந்தோம். மாதா கோயில் லைப்ரரியிலிருந்து வாரம் ஒரு நாவல் போர்டிங்குக்கு வரும். எல்லாம் வேதத்துக்காக உயிரை விட்ட அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்களின் ரோமாபுரிக் கதைகள். ராஜா, சிங்கம், சுரங்கக் கல்லறை, நடுவில் ஒரு காதல். பக்திக் கதை என்றுதான் அனுமதி. ஆனால் நாங்கள் எதற்குப் படித்தோம் என்று உங்களுக்கே தெரியும்!

போர்டிங்கை நடத்திய கன்னியாஸ்திரீ, எங்கள் மதருக்கும் தெரியும். அதனால் முதலில் அவர் படிப்பார். காதலனும் காதலியும் கொஞ்சம் நெருங்கி நின்றால் போதும், அந்தப் பக்கத்தின் மேல் பழுப்புக் காகிதத்தை வைத்து அந்த மைதாப் பசையால் ஒட்டிவிடுவார்.

நாங்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? சமையல் கட்டில் கேப்பைக் கூழ் கொதிக்கும்போது, அந்த ஆவியில் பக்கத்தைக் காட்டினால் காகிதம் தானாக உரிந்து வரும். படித்துவிட்டுத் திரும்ப ஒட்டிவிடுவோம். அந்த வேலையில் நான்தான் கெட்டிக்காரி என்று பேர்.

என் பக்கத்துப் பாய் ரோசம்மாள். முகையூர்ப் பெண். சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்வாள். கூட்டேரிப்பட்டு ஜேக்கப் என்ற பையன் மேல் அவளுக்கு உயிர். அவன் பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே போயிருந்தான். எங்கள் எல்லோரையும் போல அவள் ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கம்; அவன் பிராட்டஸ்டண்டு. இன்றைக்குக் கேட்டால் சிரிப்பீர்கள். அன்றைக்கு அது பெரிய மதில். கிறிஸ்துமஸ் லீவில் வந்து, ஆர்.சி.யில் சேர்ந்து, அவள் அப்பாவிடம் பெண் கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு ஒரு கடிதம்கூட இல்லை. எப்படி வரும்? எல்லாக் கடிதத்தையும் மதர் பிரித்துப் படித்த பிறகுதானே கொடுப்பார்.

இதற்கிடையில் அவள் அப்பா வேறு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். சனிக்கிழமை ஊருக்கு வந்து கோயில் பங்குச் சாமியாரிடம் சம்மதம் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை பூசையில் முதல் ஓலை படிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு படிப்பார்களே, அதுதான் ஓலை. ஓலை ஏறிவிட்டால் ஏறினதுதான்.

அந்த வாரத்து நாவலிலும் ஒரு போர்ச்சேவகன் இருந்தான். ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு வருவேன் என்று காதலி செலினாவிடம் சொல்லிவிட்டு எல்லைக்குப் போகிறான். வந்தானா என்பது கடைசிப் பக்கத்தில். அதன் மேல் மதரின் காகிதம்!

பிராட்டஸ்டண்டு பிள்ளைகள் பைபிளைத் திறந்து வசனம் எடுத்து முடிவு செய்வார்கள். எங்கள் கையில் அப்போது ஏது பைபிள்? ரோசம்மாளுக்கு நாவல்தான்.

"கதையில அவன் திரும்பி வந்தா நானும் காத்துக்கினு இருக்கேன்டி. வரலேன்னா அப்பா சொல்றவருக்கே சரின்னு சொல்லிடறேன். நீ பார்த்துச் சொல்லு" என்றாள்.

நான் சிரித்தேன். விளையாட்டு என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை கடைசிப் பக்கத்தை ஆவியில் காட்டும்போது கூழ்ப்பானை பொங்கி, அதன் மேல் தெறித்துவிட்டது. காகிதத்தோடு அச்செழுத்தும் உரிந்து வந்துவிட்டது. ஒரு வரிகூடத் தேறவில்லை. அவசரமாகத் திரும்ப ஒட்டி வைத்தேன்.

அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் வாயில் எதுவும் தங்காது. மதர் காதுக்குப் போனால் லைப்ரரிப் புத்தகமே நின்றுவிடும் என்று பயம். கெட்டிக்காரி என்ற பேரும் போய்விடுமே...

"படிச்சிட்டேன். அவன் வரல. செலினா வேதத்துக்காகச் செத்துட்டா" என்றேன்.

அழுகை முடிவுதான் உசத்தி என்று நினைத்த வயது. அது மட்டுமா? ஒருத்தன் வருவான் என்று அவள் காத்திருந்ததில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் அழவில்லை. வெள்ளிக்கிழமை டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். மூன்று ஓலையும் படித்து, கல்யாணமும் முடிந்தது. படிப்பைப் பாதியில் விட்டாள்.

கிறிஸ்துமசுக்கு ஜேக்கப் வந்தான். போர்டிங் கேட்டில் விஷயத்தைச் சொன்னதும் நான்தான். கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

பல வருடம் கழித்து விழுப்புரம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் ரோசம்மாளைப் பார்த்தேன். வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. நல்ல மனிதர், மூன்று பிள்ளைகள். வறுத்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வாங்கி என் மடியில் போட்டாள். ஊர்க்கதையெல்லாம் பேசினோம். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்.

"அந்தக் கதையில அவன் வந்துட்டான்டி. இங்க கோயில் லைப்ரரில அந்த புக்கு இருந்துச்சு. கல்யாணம் ஆன மறுமாசமே படிச்சிட்டேன்."

நான் மடியிலிருந்த மல்லாட்டைத் தோலைத் தட்டிவிட்டேன்.

"கோவமெல்லாம் இல்ல. நீ ஏன் அப்படிச் சொன்னேன்னு மட்டும் சொல்லு."

"எனக்கு ஞாபகமே இல்லடி ரோசா" என்றேன்.

இரண்டாவது பொய். பாண்டிச்சேரி வண்டி வந்ததும் அவள் என் பையைத் தூக்கி ஏற்றிவிட்டாள்.

இப்போது என் பேத்தி அதே மாதிரி ரோமாபுரிக் காதல் கதைகளை போனில் படிக்கிறாள். பிடித்த கதை என்றால் கடைசிப் பக்கத்தை முதலில் தள்ளிப் பார்த்துவிடுகிறாள். ஜோடி சேர்ந்தால்தான் மேலே படிப்பாளாம். யாரும் எதையும் ஒட்டி மறைக்க முடியாது. முடிவு என்ன என்று யாரையும் நம்பிக் கேட்கவும் வேண்டாம். நல்ல காலம்தான்.

ரோசம்மாள் தவறிப்போய் ஆறு வருடம் ஆகிறது. அவளிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.