பெரிய நிலாவுக்கு ஆகாதவன்

நேற்று ஸ்ரீரங்கம் டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், டிக்கெட் கிழிப்பதற்குள் என் ஊர், சம்பளம், கல்யாணம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். நாலாவது கேள்வியை மட்டும் வாயால் கேட்கவில்லை. முதுகைத் தட்டுவது போல, சட்டைக்குள் பூணூல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். நம் உலகத்தில் இருக்கும் உங்களுக்கும், என்னைப் போலப் பூமிக்குப் பிழைக்க வந்தவர்களுக்கும் சொல்கிறேன்: நாம் வேற்றுக் கிரகத்து ஆள் என்று இங்கே யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதற்கு அவர்களுக்கு நேரமில்லை.

நயா பைசா வந்த புதிதில் திருவானைக்காவலில் செல்வராஜின் சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அவன் என்னைத் தடவிப் பார்க்கவில்லை. வாடா போடா என்றான், தன் புளிச்சோற்றில் பாதியைக் கொடுத்தான். அவன் தங்கை கமலா என்னோடு நின்று பேசுவாள். எனக்கும் அவளைப் பிடித்திருந்தது. கல்யாணப் பேச்சை அவனே எடுத்தான். பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளையின் ஊருக்குப் போய் விசாரிப்பது இங்கே வழக்கம். நான் புதுக்கோட்டைப் பக்கம் ஏதோ ஓர் ஊரைச் சொல்லி வைத்திருந்தேன். அவன் பஸ் ஏறிப் போயே விட்டான்.

“அங்க ஒரு நாய்க்குக்கூட உன்னத் தெரியலடா. யாருடா நீ?”

பொய் சொல்லி அலுத்துவிட்டது. உண்மையைச் சொன்னேன். சிரித்தான். அவன் கையை இழுத்து என் நெஞ்சில் வைத்தேன். துடிப்பு இல்லை. முழங்காலில் வைத்தேன். துடித்தது. அலறிக்கொண்டு ஓடுவான் என்று நினைத்தேன்.

“சரி, அது கெடக்கட்டும். அங்க நீ என்ன ஆளுடா?”

இதைத்தான் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கி அனுப்பினீர்கள். பெரிய நிலா எழும்போது பள்ளத்தில் குடியிருக்கும் எங்களைப் போன்ற குடும்பங்கள் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், எங்கள் மேல் பட்டால் வெளிச்சம் கெட்டுவிடும் என்பது வெளியே தெரிந்தால் முன்னேறிய உலகத்தின் மானம் போய்விடுமாம். என் அம்மா அந்த நிலாவைப் பார்க்காமலே செத்தாள். யாருடைய மானத்தை நான் காப்பாற்ற வேண்டும்? சொல்லிவிட்டேன்.

செல்வராஜ் என் முழங்காலைத் தொட்ட கையைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

“நீங்க தப்பா நெனச்சுக்காதீங்க. நாளைக்கு நாலு பேரு கேப்பாங்க.”

அத்தனை வருஷத்தில் அன்றுதான் என்னை முதன்முதலாக ‘நீங்க’ என்றான். வேற்றுக் கிரகம் பரவாயில்லை, பள்ளம்தான் ஆகாது. அந்த நாலு பேரில் எவன் நம் நிலாவைப் பார்த்தான்?

கமலா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“அங்க பொம்பளைங்களையாச்சும் நெலாவுல நிக்க விடுவாங்களா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு அந்த ஒலகம் அம்புட்டு தூரத்துல இருக்கு?” என்றாள். கோபத்தோடு உள்ளே போனாள். அது யார் மேல் என்று இன்றுவரை தெரியாது.

ரகசியம் வெளியானது எப்படியோ உங்கள் காதுக்கு எட்டி, என்னைத் திரும்பக் கூப்பிட்டீர்கள். விடியும் முன் கப்பல் கொள்ளிடத்து மணலில் இறங்கியது. நம் ஆட்கள் கதவைத் திறந்து, “விளக்கை அணைக்கும்வரை தள்ளி நில்” என்றார்கள். நேராக வெளிச்சத்துக்குள் நடந்தேன். வெளிச்சம் கெட்டுவிட்டதென்று கதவைச் சாத்தி, என்னை விட்டுவிட்டுப் பறந்தார்கள்.

வழியனுப்ப வந்த செல்வராஜ் கரையை விட்டு இறங்கவில்லை.

“போகலீங்களா?” என்றான் மரியாதையாக.

ஆற்று மணலில் நின்றபடி, எந்தப் பக்கம் திரும்பிப் பதில் சொல்வது என்று பார்த்தேன்.