தாலிக்கொடி முதலில் புறப்பட்டது

அண்ணாவின் கல்யாணத்துக்குச் சென்னை போவதற்கு முந்திய வாரம் முழுவதும் அப்பா கைப்பேசியில் ஒரே விஷயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து சென்னை எழுநூறு கிலோமீற்றர்கூட இல்லை. பறப்பு ஒன்றேகால் மணித்தியாலம். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடி ஏறி வந்த எல்லாருக்கும் இதைச் சொன்னார். “ஏறிக் குந்த முதல் இறங்கச் சொல்லுவாங்கள்.”

அண்ணா கனடாவுக்குப் போய் நாலு வருடம். அம்மாவும் அப்பாவும் அங்கே போக விசா கிடைக்கவில்லை. பெண் வீட்டார் சென்னையில் இருந்ததால் கல்யாணம் அங்கே. அவன் கனடாவிலிருந்து நேரே வருவான். செட்டியார் தெருவில் செய்வித்த தாலிக்கொடியைக் கொண்டுபோவது எங்கள் பொறுப்பு.

புறப்படும் நாள் வெள்ளிக்கிழமை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். அப்பாவோ பதினொரு மணிக்கு வாடகை வான் சொல்லியிருந்தார்.

“ராகு காலத்தில தாலி படி இறங்கக்கூடாது,” என்றார் அம்மா.

“அப்ப விடியவே போய் எயார்போட்டில படுக்கிறதோ?”

எங்கள் ஆட்களிடம் இதற்கொரு வழி உண்டு. நல்ல நேரத்தில் பயணப் பையை மட்டும் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. தாலிக்கொடியும் கடவுச்சீட்டுகளும் இருந்த கைப்பையை அம்மா பத்து மணிக்கே கீழ் வீட்டுச் சிங்கள ஆன்ட்டியிடம் கொடுத்துவிட்டு, மேலே வந்து நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தார்.

பதினொரு மணிக்கு நாங்கள் கீழே இறங்கினால் ஆன்ட்டி வீட்டில் பூட்டுத் தொங்கியது. போன் எடுத்தேன். கணவரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு களுபோவில ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாராம். நாங்கள் பன்னிரண்டுக்குப் பிறகுதான் போவோம், அதற்குள் வந்துவிடலாம் என்று நினைத்தாராம். அம்மா அப்படியே படியில் குந்திவிட்டார்.

விமான நிலையம் வடக்கே, வான் ஓடியது தெற்கே. ஆஸ்பத்திரி வாசலில் ஆன்ட்டி வீட்டுத் திறப்பை நீட்டிக்கொண்டு “அனே, அனே” என்று கண் கலங்கி நின்றார். வாங்கிக்கொண்டு திரும்பி வந்து பையை எடுத்தோம். காலி வீதி என்ற அந்தப் பெருந்தெருவில் ஒவ்வொரு சிவப்பு விளக்கும் எங்களுக்காகவே காத்திருந்தது. அப்பா அந்த எழுநூறு கிலோமீற்றரை வாயிலேயே எடுக்கவில்லை. அம்மா எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டு முடித்து, “தம்பி, கொஞ்சம் வேகமா அமத்துங்கோ” என்று டிரைவரையும் கும்பிட்டார். எனக்குப் பயம்தான், ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பேலியகொடை தாண்டி அதிவேகப் பாதையில் ஏறிய பிறகுதான் ஒழுங்காக மூச்சு வந்தது. கவுன்டரில் கடைசி ஆட்கள் நாங்கள்தான்.

அதற்குப் பிறகு அம்மா பையை யாரிடமும் கொடுக்கவில்லை. மேல் தட்டில் வைக்கச் சொன்ன விமானப் பணிப்பெண்ணை முறைத்தார். “தாலியை அங்கயோ வைக்கிறது?” காலடியில் வைக்கவும் மனம் இல்லை. கடைசியில் வேறு வழியில்லாமல், முன் வரிசையில் இருந்த என் இருக்கைக்குக் கீழே வைத்து, தரையிறங்கும்வரை குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னையில் வெளியே வந்தபோது கம்பிக்கு அப்பால் அண்ணா நின்றான். கொஞ்சம் பருத்து, தாடி விட்டிருந்தான். அம்மா அத்தனை சனத்துக்கும் நடுவில் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். நான்தான் பாய்ந்து அதைத் தூக்கினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.