தாலி அவருக்கு, வெள்ளிக் கொழா எனக்கு

மொதல்ல எங்காது ரெண்டும் செவந்து வீங்கிச்சு. அப்புறம் மூக்குத் தண்டு உள்ள அமுங்கிப்போச்சு. பிள்ளையார்பாளையத்துல எங்க தெருவே அது பெருவியாதின்னு முடிவு பண்ணிடுச்சு. கொழாயடில ஒதுங்கி நின்னாங்க. நானும் நோகாம மொத ஆளா தண்ணி புடிச்சிக்கினு வருவேன்.

ஒருநாள் காலைல தறிக்கு ஏத்துற பட்டு நூல் பாவ தெருவுல நீளமா இழுத்துக் கட்டிக்கினு இருந்தோம். எங்கிருந்தோ ஒரு கன்னுக்குட்டி ஓடியாந்து கயித்துல மாட்டிச்சு. கட்டியிருந்த மூங்கி கழி புடுங்கிக்கினு வந்து என் தொண்டைல அடிச்சுது. மூச்சு விசிலடிக்குது, பேச்சு வரல. மாமியாருக்கு அதுல பாதி சந்தோஷம்.

எங்க வூட்டுக்காரு என்ன ரிக்ஷாவுல போட்டு ஆஸ்பத்திரிக்கு கொண்டாந்தாரு, மாமியாரும் கூட. டாக்டரு வாய் வழியா கொழா வுட்டுப் பாத்தாரு, எறங்கல. எங்காதையும் மூக்கையும் தொட்டுப் பாத்தாரு.

"இது பெருவியாதி இல்லபா. குருத்தெலும்ப கரைக்கிற நோவு. மூச்சுக் கொழாயும் குருத்தெலும்புதான். முன்னாடியே இளகிக் கெடந்திருக்குது, அடிபட்டதும் மடிஞ்சிப்போச்சு. கழுத்துல அறுத்து கொழா வெக்கணும், இப்பவே."

நர்சம்மா என் கழுத்துக் கயித்த வெட்ட கத்திரி எடுத்தாங்க. மாமியாரு அவங்க கைய புடிச்சிக்கினாங்க.

"எம்புள்ள உசுரோட நிக்கசொல்ல தாலிய அறுப்பியா?"

"கத்திக்கு குறுக்க நிக்குதும்மா."

"அறுக்கக் கூடாதுன்னா கூடாது."

எனக்கு கண்ணு இருட்டிக்கினு வருது. இவங்க பேசி முடிக்கிறதுக்குள்ள நான் போயிட்டா அந்தத் தாலி யாருக்கு? எழுந்து குந்தினேன். தல வழியா கழட்டி, பக்கத்துல நின்ன அவரு கழுத்துல மாட்டிவுட்டேன். மாமியாரு நர்சம்மா கைய வுட்டாங்க. கத்தி எறங்கிச்சு, காத்து உள்ள வந்துச்சு. எங்கழுத்த அறுத்த சொந்தக்காரங்க நிறைய பேரு. அறுத்து உசுரு குடுத்தவரு அந்த டாக்டரு ஒருத்தருதான்.

வெச்சது வெள்ளிக் கொழா. எங்க ஊர்ல பொடவைல வெள்ளிச் சரிகை போட்டவங்க ஏராளம், கழுத்துல வெள்ளிய எறக்கினவ நான்தான். அத வெரலால மூடினா பேச்சு வரும்னு கத்துக் குடுத்தாங்க. மாமியாருக்கு கெட்டுது போ.

வூட்டுக்கு வந்ததும் மாமியாரு புள்ளைய கூப்ட்டாங்க. "டேய், உங்கழுத்துல கெடக்குற தாலிய கோயில்ல வெச்சி இவளுக்கு திருப்பிக் கட்டிடுடா."

நான் வெரல வெச்சேன். "இருக்கட்டும் அத்த. கட்டினவ பேச்ச கேக்குறாரான்னு கொஞ்ச நாள் பாக்குறேன்."