அறிவிப்பு அறை அக்கா

"ஏழாவது மேடையில, படியில நின்னு போன் பேசற தம்பி! பஸ் உங்களைக் கேட்காமலே கிளம்பப் போகுது!" என்று சொல்லிவிட்டு மைக்கை அணைக்கிறார். கண்ணாடிக்கு அப்பால் அந்தத் தம்பி திடுக்கிட்டு உள்ளே ஏறுவதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்கிறார். பேருந்து நிலையத்தின் அறிவிப்பு அறையில் பதினோரு ஆண்டுகள். ஓட்டுநர்கள் முதல் தினமும் வரும் பயணிகள் வரை எல்லாருக்கும் இவர் 'அக்கா'தான்.

எதையும் இரண்டு தடவை சொல்வது வேலை கொடுத்த பழக்கம். கடையிலும் "தக்காளி அரை கிலோ, தக்காளி அரை கிலோ" என்பார். "என்னக்கா, தக்காளி லேட்டா வருதா?" என்று கடைக்காரர் சீண்டினால், "ஆமா, அழுகி வருது!" என்பார்.

இப்படிச் சிரிக்கிறவரின் இடது தோள் முழுதாக உயராது. கணவர் உடைத்த தோள். அதற்காகச் சிறையில் இருக்கும் அந்த மனிதர், நன்னடத்தையைக் காட்டி முன்கூட்டியே விடுதலை கேட்டிருக்கிறார். 'உங்கள் கருத்தை எழுத்திலோ நேரிலோ சொல்லலாம்' என்று விடுதலைக் குழுவிடமிருந்து அக்காவுக்குக் கடிதம் வந்தது.

நிலைய மேலாளர் பதறிவிட்டார். "அவன் வெளியே வந்தா உங்க குரலை வெச்சே கண்டுபிடிச்சுடுவானேம்மா! அவன்கிட்டேருந்து ஒரு மிரட்டல் வந்தாக்கூட உங்களை மைக் பக்கம் விட மாட்டேன். உள்ளே ஃபைல் பாருங்க. இங்க ரெக்கார்டு போட்டுக்கலாம்."

"தோளை உடைச்சது அவரு, வாயை மூடிக்கிறது நானா? நல்லா இருக்கு சார் உங்க நியாயம்!"

நேரில் போவது என்று முடிவெடுத்தார். பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் இளம் அலுவலர் ஒத்திகைக்கு வந்தார். அக்கா தான் எழுதி வைத்திருந்த நான்கு பக்கத்தையும் கணீரென்று படித்து முடிக்க, அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா, தோள் உடைஞ்சதை பஸ் பத்து நிமிஷம் தாமதம்ங்கிற மாதிரி சொல்றீங்க. அவர் செஞ்சது தீர்ப்புலயே இருக்கு. உங்களுக்கு இப்ப என்ன பயம்னு சொல்லுங்க, போதும்."

"பயமா? எனக்கா?" என்று சிரித்து மழுப்பினார்.

விசாரணையன்று துணைக்கு மேலாளரும், அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கும் நானும் போனோம். குழுவில் மூன்று பேர். எழுந்து நின்ற அக்கா, பழக்கதோஷத்தில் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு..." என்று ஆரம்பித்துவிட்டார். மூவரும் சிரித்துவிட்டார்கள். அக்காவும்தான். பிறகு தாளை மடித்துவிட்டு வெறும் குரலில் பேசினார்.

"வெளியே வந்தா என்னைத் தேடி வருவாருங்க. பயமா இருக்கு. விட்டுடாதீங்க."

அந்தக் கணீர்க் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான்.

குழுத்தலைவி கோப்பைப் புரட்டினார். "திருந்திட்டார்னுதான் சிறை அறிக்கை சொல்லுதும்மா. உள்ளே இருந்து உங்களுக்கு எப்பவாவது ஏதாவது எழுதினாரா?"

அக்கா மேலாளரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு கைப்பையின் உள்ளறையிலிருந்து, எங்கள் யாரிடமும் காட்டாத ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். சிறையிலிருந்து அவர் யார் கையிலோ நிலையத்துக்குக் கொடுத்தனுப்பியது. 'உன் குரல் எங்கே கேட்கும்னு எனக்குத் தெரியும்' என்று ஒரே வரி.

அதன் மடிப்பை விரலால் நீவி, எழுத்து குழுவின் பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.