குத்தாலத்துக்குச் சொன்ன மழை

தென்காசி மாவட்டத்துல இன்னைக்கு இடி மின்னலோட கனமழைன்னு டிவியில சொன்னா, சங்கரன்கோவில்ல ஒருத்தரும் அண்ணாந்து பார்க்க மாட்டோம். அது குத்தாலத்துக்குச் சொன்னது. நம்ம ஊருக்கு எங்க மழை? முன்ன திருநெல்வேலி மாவட்டம்னு சொன்னப்பவும் அது அம்பாசமுத்திரத்துக்குன்னுதான் விட்டுருவோம்.

போன ஐப்பசியில ஒருநா மத்தியானம் அப்படித்தான் சொன்னாங்க. மாடியில சாயம் போட்ட நூல் காயுது. நூலை எடுத்துரட்டான்னு மக கேட்டா. "அது குத்தாலத்துக்குட்டீ"ன்னுட்டு எங்க வீட்டுக்காரர் தறியில உக்காந்துட்டாக. கொஞ்ச நேரத்துல பொட்டுப்பொட்டுன்னு தூறல். சாயம் கலங்கிருமேன்னு அவுகதான் மாடிக்கு ஓடுனாக. மின்னல் அடிச்சுது. அவ்வளவுதான்.

எனக்கு அழுகை வரல. எல்லாரும் என்னையப் பிடிச்சு உலுக்குறாங்க, நான் நூலைப் பார்த்துக்கிட்டு நிக்கேன். பாதி நனையவே இல்லை. வந்தவங்க வாயைச் சும்மா வச்சிருந்தாங்களா? "செல்போன் கையில இருந்துச்சோ?"ன்னு கேட்கான் ஒருத்தன். செல்போன் கீழ சார்ஜில கிடந்துச்சுவே, போதுமா? எரிச்சல் மட்டும் எனக்கு நல்லா வந்துச்சு.

தெருவுல எழவு விழுந்தா, தூக்குற வரைக்கும் யாரும் தறி ஓட்ட மாட்டாங்க. அந்த அமைதிதான் எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கு. தூக்கிட்டுப் போய்ப் பொழுது சாயுறதுக்குள்ள முக்குவீட்டுத் தறி ஓட ஆரம்பிச்சிட்டு. குத்தம் சொல்ல முடியாது. காரியம் முடிஞ்சு நானும்தான் ஓட்டுனேன். சாப்பிட்டேன், தூங்குனேன், ஒண்ணும் உறைக்கல.

போன வாரம் டிவியில மறுபடியும் அதே கனமழை. மாடியில நூல் கிடக்கு. மக என்னையப் பார்த்தா. "அது குத்தாலத்துக்குட்டீ"ன்னு என் வாய் தன்னால சொல்லிட்டு.

அவ விறுவிறுன்னு படியேறுனா. மாடிக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டா. கதவுலயே முதுகைச் சாச்சு உக்காந்துக்கிட்டா.

"நூல் நனைஞ்சா நனையட்டும்மா. நீ போகாத."

"நான் எங்கட்டி போறேன்?"

"தூறுனா ஓடுவ."

நான் அவ பக்கத்துல படியில உக்காந்தேன். என் சேலை முந்தியைக் கையில சுத்திப் பிடிச்சுக்கிட்டா. பொழுதடையுற வரைக்கும் விடவே இல்லை.

அன்னைக்கு மழை குத்தாலத்துலதான் பெய்ஞ்சுது.