மேகமா, புதுமேகமா?

போன வாரம் பாண்டி பஜார் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மனைவி ஜவுளிக் கடைக்குள். வெளியே வர நேரமாகும் என்று தெரியும். அப்போது போன் அடித்தது. மயிலாப்பூர் ஜெயந்தி.

ஜெயந்திக்குப் பார்வை கிடையாது. பதிப்பகங்களுக்குப் புரூஃப் பார்ப்பவர். கம்ப்யூட்டர் வாசிக்க வாசிக்க, காதாலேயே பிழை பிடிப்பார். அந்தத் தமிழ்க் குரலை இலவசமாகத் தருவது எங்கள் சின்னக் குழு. நண்பன் பாஸ்கர் அதற்கான மென்பொருளை எழுதுவான். அதைப் பேக்கேஜாகக் கட்டி எல்லோருக்கும் அனுப்புவது என் வேலை. முந்தின இரவுதான் புதிதாக ஒன்று அனுப்பியிருந்தேன்.

“கார்த்தாலேர்ந்து என் கம்ப்யூட்டர் தூக்கத்துல பேசிண்டிருக்கு. பக்கமே நகர மாட்டேங்கறது. சாயங்காலம் புஸ்தகம் அச்சுக்குப் போகணும். என்ன பண்ணேள் நீங்க?”

போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தார்.

“மழை... நின்ற பின்... அவள் ஜன்னலை... மெல்லத் திறந்தாள்...”

என்ன குரல் அது! பாதி விழிப்பில், அலைமேல் மிதந்து வருவதுபோல. எதிரே பைகளோடு போன கூட்டம்கூட ஒரு கணம் சத்தமில்லாமல் நகர்ந்த மாதிரி இருந்தது. ஆனால், புரூஃப் பார்க்க உதவுமா?

பாஸ்கரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“எதை அனுப்பினே மச்சி?” என்றான்.

“புதுமேகம்.”

“ஐயோ... அது பாதிலதான் கீது. முடிஞ்சது மேகம்.”

விஷயம் இதுதான். ஒரே மென்பொருளைப் பல பிரதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக வேலை செய்வோம். அவற்றுக்குக் கிளைகள் என்று பெயர். பாஸ்கர் வீடு பாலவாக்கத்தில். ஜன்னலில் என்ன தெரிகிறதோ அதுதான் கிளைக்குப் பெயர் – கடல், மேகம், தூறல். ‘புது’ என்றிருந்தால் முடிந்தது என்றுதானே யாருக்கும் தோன்றும்?

பெஞ்சிலேயே லேப்டாப்பைத் திறந்து, மேகத்தைக் கட்டி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் ஜெயந்தியின் குரல்: “ஆங்... இப்போ வேகமா படிக்கறது. வெச்சுடறேன்.”

புத்தகம் நேரத்துக்கு அச்சுக்குப் போய்விட்டது.

ஞாயிறு மாலை பாஸ்கர் வீட்டு மொட்டை மாடியில் கூடினோம். கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. பெயர்களுக்கு ஒரு விதி வேண்டும் என்றேன். எதற்கான கிளை என்பது முதலில், ஒரு சாய்கோடு, அதன் பின் பதிப்பு எண். பயனருக்குப் போவது ‘வெளியீடு’, முடியாதது ‘சோதனை’.

“ஆபீஸ் ஃபைல் மாதிரி கீது” என்றான் பாஸ்கர். முகம் வாடிவிட்டது. ஆசையாக வைத்த பெயர்கள் அல்லவா? ஆனாலும் ஒவ்வொன்றாக மாற்றினான்.

ஜெயந்திக்குச் சொல்லிவிடலாம் என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

“இனிமே அந்தத் தூக்கக் குரல் உங்களுக்கு வராது.”

“வராதா? வேலைக்கு வேண்டாம்... கவிதை படிக்கறச்சே அது வேணும். அந்தக் குரல்தான் வரிக்கு வரி நின்னு போறது. இத்தனை வருஷத்துல எந்தக் கம்ப்யூட்டரும் எனக்காக அப்படி நின்னதில்லை.”

பாஸ்கர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். இருட்டுவதற்குள் லேப்டாப்பை மடியில் வைத்துப் புதிய கிளை ஒன்றைத் தொடங்கினான். விதிப்படிதான். எண் மட்டும் இல்லை.

‘வெளியீடு/கவிதைக்கு.’

அது எதற்கான கிளை என்று இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை.