பிள்ளைகளை ஏத்த வந்தவள்

மலேசியாவில் கல்லூரியில் படிக்கும் நான், விடுமுறைப் பயிற்சிக்காக மதுரையில் ஒரு கிறிஸ்தவக் கல்வி ஊழியத்துக்கு வந்திருந்தேன். பிள்ளைகளை வகுப்புக்கு அழைத்துவரும் அண்ணனுக்குக் காய்ச்சல். மேலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்கு வாடகை வேனில் நானே போனேன்.

"பிள்ளைங்கள ஏத்த வந்திருக்கேன்" என்று தெருமுனையில் நின்றவர்களிடம் சொன்னேன். எங்கள் ஊரில் அழைத்துப்போவதை அப்படித்தான் சொல்வோம்.

"ஏத்தவா? புள்ள புடிக்கிறவடா இவ!" என்று ஒருவர் கத்தினார். கூட்டம் வளைத்தது. யாரோ டிரைவரிடமிருந்து வேன் சாவியைப் பிடுங்கினார்கள்.

வகுப்புக்கு வரும் சிறுமி ஒருத்தி, "எங்க டீச்சரக்கா!" என்று ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பின்னாலேயே வந்த அவள் அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"விடுங்கண்ணே, எப்புடி நடுங்குது பாருங்க" என்றவர், மகளைத் தூக்கி என்னிடம் நீட்டினார்.

"இந்தாம்மா, ஏத்திக்க."

அதுவரை பயத்தில் வராத அழுகை, அந்தச் சொல்லை அவர் வாயில் கேட்டதும் வந்தது.